பேச்சியம்மாளின் நெற்றிக்காசு

பழங்காசு விஷயத்தில் சாத்தப்பன் பெற்ற தாய்க்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். அசல் என்றால் அசல், போலி என்றால் போலி. கேட்பவர் அழுதாலும் சரி, அடிக்க வந்தாலும் சரி. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கிளினிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய சின்னக் கடையைத் தேடிச் சிங்கப்பூரிலிருந்துகூட ஆள் வருவது அந்தக் கறார் பேச்சுக்காகத்தான்.

அன்று பட்டப்பகலில் வந்தவன் பெயர் கனகராஜ். ஊர் உலு திராம். நாற்பத்தைந்து வயது இருக்கும். சவரம் செய்து நாலு நாள் ஆன முகம். கைக்குட்டையை அவிழ்த்து ஒரு வெள்ளிக்காசை மேசைமேல் வைத்தான்.

"அங்கிள், எங்கம்மாவோட பரம்பரைக் காசு. ஒரிஜினலா, எவ்வளவு போகும்னு பாத்துச் சொல்லுங்க."

எட்வர்டு ராஜாவின் தலை போட்ட, வெள்ளைக்காரன் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர். சாத்தப்பன் தராசில் வைத்தார். இருபத்தேழு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, சரிதான். காந்தம் ஒட்டவில்லை. விரல்நுனியில் நிறுத்திச் சுண்டினார். ஓசை நீண்டு அடங்கியது. விளிம்பு வரிகளில் பிசிறில்லை. லென்ஸை வைத்து ஆண்டையும் நாணயச்சாலைக் குறியையும் பார்த்தார், லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒன்றைப் பார்ப்பது இது இரண்டாவது முறை. விற்றால் புதுக் காரே வாங்கலாம்.

சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் ராஜாவின் காதோரப் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருப்பது கண்ணில் பட்டது. நகத்தால் தொட்டுப் பார்த்தார். சந்தனம், இன்னும் முழுதாகக் காயவில்லை. அதில் ஒரு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது.

செத்தவர் நெற்றியில் சந்தனம் அப்பிக் காசு வைப்பது அவருக்குத் தெரியாததல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா எப்ப தவறினாங்க தம்பி?"

"இன்னும் இல்ல அங்கிள்."

பஸ் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னான்.

"அப்ப இந்தச் சந்தனம்?"

"காலையில அவங்க தூங்குறப்போ பெட்டியிலேர்ந்து எடுத்து நெத்தியில வெச்சுப் பாத்தேன், சரியா நிக்குதான்னு." லேசாகச் சிரித்தான். "எங்க வீட்டு வழக்கம் அங்கிள். யாரு செத்தாலும் நெத்தியில இந்தக் காசுதான். தூக்குறதுக்கு முன்னால மூத்த பிள்ளை எடுத்துக்கணும், அப்பதான் அது அவங்களோடது. தாத்தா நெத்தியிலேர்ந்து அம்மா எடுத்தாங்க. அம்மா நெத்தியிலேர்ந்து நான் எடுக்கணும். அதுக்கு முன்னால தர மாட்டேன்னு பேச்சியம்மா ஒரே பிடிவாதம்."

பெற்றவளைப் பெயர் சொன்னது சாத்தப்பனுக்குச் சுருக்கென்றது. "அவங்களுக்கு உடம்பு ரொம்ப முடியலையா?"

"நடக்க முடியாது, அவ்வளவுதான். இன்னும் பத்து வருஷம் இருப்பாங்கன்னு டாக்டர் சொல்றாரு. அதோ, கார்லதான் இருக்காங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, உச்சி வெயிலில், ஒரு பழைய காரின் முன் இருக்கையில் கிழவி கண்மூடிச் சாய்ந்திருந்தாள். நெற்றியில் வட்டமாகச் சந்தனத் தடம். கார் எஞ்சின் ஓடவில்லை. நாலு ஜன்னலும் மூடியிருந்தன.

"வெயில்ல இப்படியா பூட்டிட்டு வருவீங்க?"

"பரவால்ல லா அங்கிள். நீங்க சொல்லுங்க, எவ்வளவு போகும்?"

சாத்தப்பன் மறுபடி காரைப் பார்த்தார். விலையைச் சொன்னால் கிழவியின் ஆயுசு வீடு போய்ச் சேருமா என்பதே சந்தேகம். காசு செல்லாது என்றால் அவள் சாவை எவன் எதிர்பார்க்கப் போகிறான்? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள், கிடைக்காவிட்டால் போகட்டும்.

"போலி தம்பி. டூப்ளிகேட். அம்பது ரிங்கிட்டுக்குக்கூடத் தேறாது."

கனகராஜ் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"ஆறு வருஷம் அங்கிள்," என்றான். "சிங்கப்பூர் வேலைய விட்டேன். பொண்டாட்டி பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டா. 'என்னைப் பாத்துக்கோ, காசு உனக்குத்தான்'னாங்க அம்மா. குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளி... டூப்ளிகேட்டுக்கா?"

காசைத் தொடாமலே எழுந்து வெளியே போனான்.

சாத்தப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அசல் என்றால் அவள் சாவுக்கு ஆசைப்படுவான். போலி என்றதும் அவளை உயிரோடு வைத்திருக்க அவனுக்கு இருந்த ஒரே காரணத்தையும் இவரே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

காசை அள்ளிக்கொண்டு ஓடினார். "தம்பி! நான் பொய் சொல்லிட்டேன்! அசல் காசு தம்பி, ஒரிஜினல்!"

கனகராஜ் வண்டியைக் கிளப்பியிருந்தான். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினான்.

"எது பொய் அங்கிள்? முன்ன சொன்னதா, இப்ப சொல்றதா?"

பேச்சியம்மாள் விழித்துக்கொண்டாள். சாத்தப்பனின் கையில் இருந்த காசைப் பார்த்தாள். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தாள். அவள் கை கதவுப்பிடியைத் தேடித் தடவியது. பிடி கைக்கு அகப்படவில்லை.

உலு திராமுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். கார் வலப்பக்கம், கடலுக்குப் போகும் சாலையில் திரும்பியது.