ஒரே முனை, இரண்டு கேபிள்

மாமனாரின் கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்க்கும் மேசை மூத்த மருமகளுடையது. பதினோரு வருஷமாக மதர்போர்டுகளோடு மல்லுக்கட்டியவள். சின்ன மருமகள் கடைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வருகிறவர்கள் எல்லாம், "சின்னவங்க இல்லையா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் காலை வீடியோ எடிட்டர் ஒருத்தி தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வீடியோவைத் திறப்பதற்குள் டீ ஆறிப்போகிறது என்று புலம்பினாள்.

"மூடியைக் கழட்டி, உள்ள போர்டுலயே ஒரு எஸ்எஸ்டி, அதான் வேகமான டிஸ்க், போட்டுடலாம்," என்றாள் மூத்தவள். "அந்த ஸ்லாட்டுலேர்ந்து பிராசஸருக்கு நேர் வழி."

"வெளியில மாட்டுறதே போதும்க்கா," என்றாள் சின்னவள். "யூஎஸ்பியில சொருகினா முடிஞ்சுது. மிஷினை ஆஃப் பண்ண வேண்டாம். ஷூட்டிங்குக்கும் கையோட கொண்டு போகலாம்."

மாமனார் தலையாட்டினார். சின்னவள் வாய் திறந்தால் போதும், அந்தத் தலை தானாக ஆடும். "ரெண்டையும் போட்டு வேகத்தைப் பார்த்துடுவோம்," என்றார்.

உள்ளே மாட்டியது நொடிக்கு மூவாயிரம் எம்பி காட்டியது. அடுத்து சின்னவளின் முறை. அவள் எடிட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், மேசையிலிருந்த அவளுடைய கேபிளை யாரும் கவனிக்காதபடி டிராயருக்குள் தள்ளிவிட்டு, போன் சார்ஜரின் கேபிளை அந்த இடத்தில் வைத்தாள் மூத்தவள். இரண்டுக்கும் ஒரே முனை. ஆனால் சார்ஜர் கேபிளில் டேட்டா நத்தை மாதிரிதான் ஊரும்.

நாற்பது என்று காட்டியது திரை.

"நாற்பதா!" எடிட்டர் சிரித்தேவிட்டாள்.

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. "அக்கா சொன்னதையே போட்டுக்குங்க மேடம்," என்று சொல்லிவிட்டுக் கேபிளைக் கழற்றினாள். பிறகு பின்னறையில் மூத்தவளிடம் வந்து, "இது சார்ஜரோட கேபிள்க்கா," என்றாள் மெதுவாக.

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சா அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"மாமா முன்னாடி உங்கள எப்படி விட்டுக்குடுக்கிறது?"

அதைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இதிலும் இவள்தான் மேலா? விறுவிறுவென்று முன்னால் போய், மேசை டிராயரைத் திறந்து கேபிளை எடுத்தாள்.

"மாமா, கேபிளை மாத்தி வச்சது நான்தான். மறுபடி பாருங்க."

இந்தத் தடவை ஆயிரத்தைத் தொட்டது. உள்ளே மாட்டியதில் மூன்றில் ஒரு பங்குதான், ஆனாலும் எடிட்டருக்கு அது தாராளம். வேலைக்கு உள்ளே ஒன்று, ஊர் சுற்ற வெளியே ஒன்று என்று இரண்டையும் கேட்டாள்.

மாமனார் மூத்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் குனிந்து ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது, "எவ்வளவு பொறுமைம்மா உனக்கு!" என்று சின்னவளிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது.

ஒப்புக்கொண்டது நான், பாராட்டு அவளுக்கா? ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி விரலைக் கிழித்தது.

"ஐயோ அக்கா, ரத்தம்!" என்று ஓடி வந்தவளும் சின்னவள்தான்.