சீட்டுக்குக் கீழே தண்ணீர்

பல் டாக்டர் நனைந்த காலுறையைப் பிழிந்துகொண்டே பட்டறைக்குள் வந்தார். வாசலில் நின்றது அவருடைய பழைய கார். மேலே துணிக்கூரை, வேண்டாதபோது பின்னால் மடித்துப் போட்டுவிட்டுக் காற்றாட ஓட்டலாம். இதே பட்டறையில் மாசக்கணக்கில் கிடந்து, துருவெல்லாம் வெட்டி, புதுத் தகடு வைத்து, கரும்பச்சைப் பெயின்ட்டில் மாப்பிள்ளை மாதிரி போன வாரம்தான் வீட்டுக்குப் போனது. ஒரே ஒரு மழை. சீட்டுக்குக் கீழே கணுக்கால் அளவு தண்ணீர்.

"காரு கேட்டேனா, தொட்டி கேட்டேனா?" என்றார் டாக்டர்.

பட்டறையில் இரண்டே பேர். தகட்டு வேலை, வெல்டிங் எல்லாம் தங்கை. பள்ளம், ஓட்டையைப் பட்டி என்கிற பசையால் அடைத்து வழவழப்பாக்கிப் பெயின்ட் அடிப்பது அண்ணன். அண்ணன் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் கையை விட்டு ஒரு தடவு தடவினான். கையை எடுத்துப் பழைய துணி ஒன்றில் துடைத்தான். அப்புறம் எழுந்து நின்று, தெருவில் போகிறவனுக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

"இது வெல்டிங் ஓட்டை, டாக்டர். எல்லாம் என் தங்கச்சி வேலை. கூடப் பிறந்தவளாச்சேன்னு விட்டு வெச்சது என் தப்பு. அடுத்த வாரத்துல இருந்து தகட்டு வேலைக்கு வேற டிங்கர் வர்றான். இவ உள்ள உக்காந்து போன் எடுக்கட்டும்."

அவள் வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றியபடி அங்கேயேதான் நின்றிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டியிருந்தால் அவளும் எட்டுத் திட்டு திருப்பித் திட்டி, சாயங்காலம் சேர்ந்து சாப்பிட்டிருப்பாள். வாடிக்கைக்காரர் முன்னால், அதுவும் அந்தத் தொண்டையில்! போன் எடுக்கணுமாம், போன்!

டாக்டர் அவளைப் பாவமாக ஒரு பார்வை பார்த்தார். அது அண்ணன் பேச்சைவிட மோசமாக இருந்தது. நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று சொல்லி, ஈரச் செருப்பு சத்தம் போட நடந்து போனார். அண்ணனும் பெயின்ட் கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவினான். உள்ளே ஆபீஸ் அறையில் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

"ஓட்டையாம்ல ஓட்டை," என்று தனக்குள்ளேயே கத்திக்கொண்டு கம்பளத்தை உருவி எறிந்தாள். தகடு முழுக்கத் தண்ணீர் தளும்பியது. தான் வைத்த ஒவ்வொரு வெல்டிங் தையலையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். பாதியிலேயே விரல் நின்றது.

ஐயோ மடச்சி! ஓட்டை இருந்தால் தண்ணீர் ஏன் நிற்கிறது? ஒழுகித் தெருவுக்குப் போயிருக்காதா?

ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அவள் வெல்டிங் அவ்வளவு சுத்தம். அப்படியென்றால் கேள்வியே வேறு. துணிக்கூரை வைத்த காருக்குள் எப்படியும் தண்ணீர் வரும். அது காரைச் செய்தவனுக்கும் தெரியும். வந்த தண்ணீர் போக அவன் ஒரு வழி வைத்திருப்பான். அந்த வழி எங்கே?

காரைப் பற்றிய புத்தகம் எதுவும் கிடையாது. இந்த ஊரில் இதே மாதிரி இன்னொரு காரும் கிடையாது. காரையேதான் கேட்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால், கூரை மடிந்து உட்காருகிற இடத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் இரண்டு முனையிலும் ரப்பர் குழாய். இரண்டும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிகளுக்குள் இறங்கின. அதுவரை சரி. பெட்டிக்குள் போன தண்ணீர் பெட்டியின் அடி வழியாகத் தரைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பெட்டி நிறைந்து, வாய்க்கால் பொங்கிச் சீட்டுக்குக் கீழே வழியும். அடியில் படுத்துப் பார்த்தாள். வழுவழுவென்று கரும்பச்சை. கன்னத்தை வைத்துப் படுக்கலாம், அவ்வளவு வழவழப்பு.

பெட்டியை அவள் வெட்டவே இல்லை. அது பழைய இரும்பு, கெட்டியாக இருந்ததால் அப்படியே விட்டாள். கார் வேலைக்கு வந்தபோது அதன் அடியில் தாரும் சேறும் அப்பிக் கிடந்தன. அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணியது யார்? பெயின்ட்காரன். ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காத ஜென்மம்.

உள்ளே பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முன்முனையிலும் ஒரு சின்ன மூடி. கழற்றியதும் தேங்கிய தண்ணீர் கொட்டித் தீர்ந்தது, ஆனால் உள்ளே இரண்டு விரல்தான் போகும். காரின் டாஷ்போர்டைக் குடைந்தாள். டாக்டர் டாக்டர்தான், வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று அங்கே கிடந்தது. அதை ஒரு கம்பியில் கட்டி, டார்ச்சோடு உள்ளே விட்டாள்.

இடது பெட்டியில் சீக்கிரமே சிக்கியது. நடுவில் ஒரு ஓட்டை. துரு தின்ற ஓட்டையின் விளிம்பு பிய்ந்து, மெலிந்து, அப்பளமாக நொறுங்கும். இதன் விளிம்பு வட்டமாக, ஒரே சீராகக் கீழ்ப்பக்கம் மடிந்திருந்தது. கார் செய்த இடத்திலேயே அச்சு வைத்து அடித்த வாய். அந்த வாய் நிறைய பட்டி அடைத்து, மேலே பிதுங்கி நின்றது.

வலது பெட்டியில் அதே இடத்தில் ஒன்றுமில்லை. வெறும் தகடு. கண்ணாடியை இன்னும் தள்ளினாள். தகட்டின் மேல் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று தெரிந்தது, பழைய தண்ணீர் வருஷக்கணக்காக நடந்த தடம். அது நடுவில் நிற்காமல் பின்பக்கமாகச் சரிந்து போனது. ஏன் என்று அடியில் படுத்துப் பார்த்ததும் புரிந்தது. வலப்பக்கம் நடுவில் பெட்ரோல் குழாய் போகிறது. அதைத் தாங்க அங்கே இரட்டைத் தகடு. அதனால் செய்தவன் வாயைப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டான். தடத்தின் முடிவில் இரண்டாவது மடிந்த விளிம்பு. அதிலும் பட்டி.

கோபம் பாதி இறங்கிவிட்டது. துரு என்று நினைத்து அடைத்திருக்கிறான், பைத்தியக்காரன். தெரியாமல் செய்தது. காலையில் காட்டினால் தலையைச் சொறிவான், டாக்டரிடம் சொல்லிவிடுவான், முடிந்தது கதை. இப்படித்தான் நினைத்துக்கொண்டு தூங்கப் போனாள், நல்ல மனசுக்காரி.

காலையில் அண்ணி அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள். மூன்று பேருக்கும் ஒரே வீடுதான். "உங்கண்ணன் எப்பவோ கிளம்பிட்டாரும்மா. டாக்டர் வர்றதுக்குள்ள ஏதோ ரெண்டு ஓட்டையைத் திறக்கணுமாம். நீ வேற நேத்துல இருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க, என்னாச்சு?"

டம்ளரைக் கீழே வைத்தாள். திறக்கணுமாம். திறக்கணும் என்றால், அடைத்தது தெரியும். நேற்று அடியில் கையை விட்டுத் தடவினானே, தடவிவிட்டு எழுந்து நின்றுதானே அவள் மேல் பழியைப் போட்டான்? அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

பட்டறையில் அண்ணன் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான், கையில் டிரில். கையும் களவுமாகத்தான். அவள் கால்களைப் பார்த்ததும் டிரில் நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் டாக்டர்.

அண்ணன் சட்டென்று வெளியே வந்து முகத்தைத் துடைத்தான். "சரி பண்ணிட்டேன் டாக்டர். இவ விட்ட ஓட்டையெல்லாம் தேடிப் பிடிச்சு..."

அவள் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து சீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் தரையில் சலசலவென்று கொட்டியது. அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். வலப்பக்கம் ஒரு சொட்டு இல்லை. சீட்டுக்குக் கீழே தகட்டில் தண்ணீர் மெதுவாக ஏறியது.

"அங்கயும் ஓட்டை போட்டேனே," என்றான் அண்ணன், திருதிருவென்று முழித்தபடி.

"அடைச்ச இடமே மறந்து போய், இடது பக்கம் நடுவுல இருந்தா வலதும் நடுவுலன்னு நீயா போட்ட. அங்க ரெட்டைத் தகடு. ஒண்ணைத்தான் துளைச்சிருக்க. இன்னும் ஒரு விரல் தள்ளிப் போட்டிருந்தா பெட்ரோல் குழாய். காரோட சேர்ந்து நீயும் வெந்திருப்ப."

சுரண்டியை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்தாள். வழவழப்பான பச்சையில் ஒரு இடத்தைத் தட்டிப் பார்த்து, நெம்பினாள். பட்டி முழுசாகப் பெயர்ந்து வந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அவள் சட்டைக் கையையும் அண்ணனின் காலையும் நனைத்தது.

பெயர்ந்த துண்டை டாக்டரின் கையில் வைத்தாள். ஒரு பக்கம் கரும்பச்சை. மறுபக்கம் மடிந்த விளிம்பின் அச்சு.

டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் ஓட்டை அடைச்சுத்தான் பொழைக்கிறேன்," என்றார். "ஆனா யார் மூக்கையும் அடைச்சதில்லப்பா."

"துருன்னு நெனச்சுட்டேன், டாக்டர். பார்க்க அசிங்கமா இருந்துச்சு. நல்லதுக்குத்தான்..."

"சப்பைக்கட்டு கட்டாத," என்றாள் அவள். "அடைச்சப்ப தெரியாது, சரி. நேத்து அடியில தடவுனியே, அப்பத் தெரிஞ்சுதா, இல்லையா?"

அண்ணன் நனைந்த காலைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல!"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் என் தலையில கட்டுன. பதினாறு வயசுல இருந்து இந்த நெருப்புல நிக்கிறேன், கண்ணெல்லாம் எரிய எரிய. என் கையில இருந்து இந்த வேலையைப் பிடுங்கப் பார்த்தியே, ஒரு பட்டி உருண்டைக்காக! சொல்லு டாக்டர்கிட்ட."

"நான்தான் அடைச்சேன்," என்றான் அண்ணன், சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல.

"கேக்கல. நேத்து என்ன தொண்டையில சொன்னியோ, அதே தொண்டையில சொல்லு."

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். காரின் இரண்டு பக்கமும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் அடைச்சேன், டாக்டர்! அவ வேலையில ஒரு குத்தமும் இல்ல!"

உள்ளே ஆபீஸ் அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மூவரும் அசையவில்லை. அது விடாமல் அடித்தது. அவள் முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டினாள்.

"போன் அடிக்குது," என்றாள். "போய் எடு. அந்தப் புது டிங்கரா இருந்தா, இங்க ஆள் இருக்குன்னு சொல்லிடு."