எல்லாருக்கும் பத்து

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை இயக்குநருக்கு நியாயவான் என்று பெயரெடுப்பதில் ரொம்ப ஆசை. எந்த வெள்ளரியானாலும் பத்துச் செடியில் காய் பறித்துச் சுவைத்துப் பார்த்தால் போதும் என்று உத்தரவு போட்டார். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறாராம்.

நிலைத்துப்போன ரகத்துக்குப் பத்து தாராளம். ஒரு செடி எப்படியோ அப்படித்தான் மற்றதும். என்னுடையது வேறு கதை. நோய் தாங்கும் காட்டு வெள்ளரியையும் தோட்டத்து வெள்ளரியையும் ஆறு வருடம் மல்லுக்கட்டிச் சேர்த்த கலப்பு. இரண்டாம் தலைமுறையில் செடிக்குச் செடி குணம் மாறும். காட்டுக் கசப்பு இல்லாதது பதினாறில் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்று அகப்படாவிட்டால் ஆறு வருடமும் மண். வீட்டுக்காரர் அதை என் மூத்த பிள்ளை என்றே கேலி செய்வார்.

ஐம்பது செடியாவது பார்க்க வேண்டும் என்று இயக்குநர் முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கு ஐம்பதுன்னா மத்தவங்க சும்மா இருப்பாங்களாம்மா? பாரபட்சம் பாக்கிற ஆள் நான் இல்ல."

சொந்தக் கலப்பினத்தைத் தானே சுவைக்கக் கூடாது என்பது விதி. 'நாக்கு' என்று நாங்கள் கூப்பிடும் சுவை பார்க்கும் அம்மாதான் பத்துக் காயையும் கடித்துத் துப்பினார். பத்தும் கசப்பு. கழித்துவிடலாம் என்ற தாளில் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஆட்சேபம் என்று ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலை நான் போவதற்குள் முந்நூறு செடியையும் டிராக்டர் உழுது புரட்டியிருந்தது. இருந்ததையெல்லாம் விதைத்துவிட்டதால் விதை அறையிலும் ஒரு விதைகூட மிச்சமில்லை. டிரைவர் வரப்பில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"இதையா அக்கா கசப்புன்னு கழிச்சீங்க? தாகத்துக்கு நல்லாத்தான இருக்கு."

பிடுங்கிக் கடித்தேன். கசப்பே இல்லை. எந்தச் செடி என்று கேட்டேன். வண்டியில் ஏறும் முன்பு கைக்கு எட்டியதைப் பறித்ததாகவும், இடம் ஞாபகமில்லை என்றும் சொன்னார். காய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முற்ற இன்னும் ஒரு மாதம் பிடிக்கும் பிஞ்சு விதைகள். நசுக்கினால் தண்ணீர்தான் வந்தது. முளைக்காது.

"பசியா இருந்தா முழுசாச் சாப்பிடுங்கக்கா," என்றார் டிரைவர்.

சாப்பிட்டேன். வேறு எதற்கும் அது உதவாது.