இடப்பக்க வளைவு

இடப்பக்கம் திருப்பியபோது மோட்டார்சைக்கிளின் இடப்புறம் பூட்டியிருந்த சைட்காரின் சக்கரம் மண்ணை விட்டு எழும்பியது. மெலனி பதறி கிளச்சைப் பிடிக்க, வண்டி தள்ளாடிப் போய் வேலியோரப் புல்லுக்குள் நின்றது. பாரத்துக்காக சைட்காரில் வைத்திருந்த தோட்டமண் மூட்டைகளில் ஒன்று சரிந்து கிடந்தது.

"என்ன, நிண்டிட்டுது?" கொட்டகை நிழலில் மடக்குக் கதிரையில் இருந்த அவள் கணவன் எறிக் கேட்டான்.

"சக்கரம் எழும்பிட்டுது."

"நீர் சாய்ஞ்சிருப்பீர். சாய வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"நான் சாயேல்லை. வண்டிதான் சாய்ஞ்சது."

எறிக்கின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் லிட்கமில் தங்கள் வீட்டுக் கராஜுக்குள் போய், காட்டுப்பாதைகளுக்கென்றே வாங்கிய மோட்டார்சைக்கிளைப் பழைய படுக்கைவிரிப்பால் மூடிவிட்டு வந்தான். அதற்குச் சைட்கார் பூட்டலாம் என்றது மெலனிதான். ஆர் ஓடுறது என்று கேட்டான். நான்தான் என்றாள். பரிசோதனை நிலையத்தில் ஆட்களுக்கு இரத்தம் எடுப்பவள், சைக்கிள்கூட ஓட்டியறியாதவள். அவன் சிரித்தான். பிறகு போன் வாசித்துச் சொல்லச் சொல்ல, சைட்கார் ஓட்டுவதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்தான். வேகம் கூட்டினால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கும், உடம்பால் அல்ல, கையால்தான் திருப்ப வேண்டும். வின்சர் ஊருக்கு அப்பால் சிநேகிதன் வலன்ரைனின் காணிக்கு ஞாயிறு தோறும் வந்து, கதிரையில் இருந்தபடி அவளுக்கு அதை ஒப்புவித்தான். சைட்காரில் மட்டும் ஏறவில்லை. முதல் நாள் அவள் கூப்பிட்டபோது, "நான் என்ன மூட்டையோ?" என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இன்று அவள் வண்டியை விட்டு இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எறிக், நீங்களும் சைட்காரோடை இதை ஓடினதில்லைத்தானே?"

அவன் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது.

"ஓம். இல்லைத்தான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் தெரியாது."

திரும்பிப் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நிலத்தில் போட்டாள். ஊசி குத்தும் கைக்கு அவை பெரும்பாரம். தொப் தொப்பென்று விழும் சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் இறக்குறீர்?"

"மூட்டைக்குச் சாயத் தெரியாது. இடப்பக்க வளைவிலை ஆரும் வெளியிலை சாய்ஞ்சு அமத்தினால்தான் சக்கரம் நிலத்திலை நிக்குமாம். நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"வளைவு எங்கை வருதெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

"நான் சொல்லுவன்."

அவன் எழுந்தான். அவள் தோளைப் பிடித்து, சைட்காரின் விளிம்பைத் தடவி, ஒரு காலை வைத்து, மறுகாலை வைத்து உள்ளே இறங்கினான். காணியைச் சுற்றிய மண்பாதையில் அவள் வண்டியை மெல்ல எடுத்தாள். "இடம்," என்று கத்தினாள். அவன் பாதி உடம்பை வெளியே எறிந்து தொங்கினான். சக்கரம் ஒருகணம் வெறுமையில் சுழன்று, பிறகு மண்ணைப் பிடித்தது. அடுத்த வளைவில் அவள் வாய் திறக்கும் முன்பே, எஞ்சின் சத்தம் இறங்கியதைக் கேட்டுச் சாய்ந்தான்.

காணியின் தாழ்ந்த எல்லையில் நிறுத்தினாள்.

"தண்ணி மணக்குது," என்றான் எறிக்.

"பாதைக்குக் குறுக்கை ஓடை ஓடுது. போன மழைக்கு வந்திருக்கும். கலங்கலாக் கிடக்கு, ஆழம் தெரியேல்லை. திரும்புவமோ?"

அவன் சப்பாத்தைக் கழற்றிச் சைட்காருக்குள் வைத்தான். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினான். அவள் அவன் கையைப் பிடித்துக் கரை விளிம்பில் விட்டாள். அவன் பாதத்தால் தடவித் தடவித் தண்ணீருக்குள் போனான். கணுக்கால், பிறகு கெண்டைக்கால். நடுவில் நின்று, கையைப் பின்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி அவளை அழைத்தான்.

அவள் முதல் கியரில் வண்டியை மெல்ல ஓடைக்குள் இறக்கினாள்.