என் மேசையில் ஓர் ஓட்டை

தம்பி வீட்டில் கை கழுவப் போனேன். சோப்பைத் தேய்த்துக்கொண்டே குனிந்து பார்த்தால், வாஷ்பேசின் உட்கார்ந்திருப்பது என் மேசையின் மேல். பழைய சாமான் கடையில் வாங்கி, அப்பிக் கிடந்த பெயின்ட்டையெல்லாம் நானே சுரண்டியெடுத்து, பாலிஷ் போட்ட தேக்கு மேசை. வெளியூருக்கு மாற்றலானபோது, "உன்னுது மாதிரி பாத்துக்கோடா" என்று சொல்லி இவனிடம் விட்டுப்போனேன்.

நடுவில் வட்டமாக அறுத்து பேசினை இறக்கியிருந்தார்கள். இழுப்பறையை இழுத்தேன், வரவில்லை. உள்ளே குழாய் போவதால், முகப்பை மட்டும் வைத்து ஆணியடித்திருந்தார்கள்.

தம்பி மனைவி துண்டோடு வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு அண்ணி? வர்றவங்க எல்லாம் எங்க வாங்கினீங்கன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுல சும்மா கிடந்த பழசுன்னு சொன்னேன்."

அந்தக் குழாயைத் திறக்க மனம் வரவில்லை. சோப்புக் கையோடு கூடத்துக்கு வந்தேன்.

"இதுக்குப் போய் எதுக்குக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றான் தம்பி. "நீ சொன்ன மாதிரி எங்களுதாட்டம்தானே பாத்துக்கிட்டோம்."

அவன் முன்னால் அவர்களுடைய சாப்பாட்டு மேசை இருந்தது. கீறல் விழக் கூடாதென்று அதற்கு ஒரு விரிப்பு. விரிப்பு அழுக்காகக் கூடாதென்று அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை.

உறையைத் தூக்கினேன். விரிப்பையும் தூக்கினேன். பளபளவென்றிருந்த அந்தப் பலகையில் இரண்டு கையையும், விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தேன்.