நிபந்தனை என்ற கட்டம்

பெண் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாப்பா நிக்காஹ் புத்தகத்தோடும் இரண்டு சாட்சிகளோடும் அறைக்குள் நுழைந்ததுமே அவள் முந்திக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று புத்தகத்தை வாங்கினாள். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் தொகை எழுதியிருந்தது. நிபந்தனை என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையை அவள் விடமாட்டாள். அங்கே எழுதவேண்டியது இந்த ஒரு வரிதான். மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பழுது பார்க்க வருபவன். "ஒரு வரி என்ன, பத்து வரி எழுதுங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னவனும் அவனேதான்.

"வாப்பா, அந்த வரி எங்க?"

"அவங்கம்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்கம்மா. அப்புறம் பேசிக்கலாம். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"எழுதிட்டு வந்து கேளுங்க. இப்ப நான் சும்மா இருந்தா அது சம்மதம் இல்ல. சாட்சிங்க ரெண்டு பேரும் கேட்டுக்குங்க."

புத்தகத்தை வாப்பாவிடமே திருப்பி நீட்டினாள். சாட்சியாக வந்த மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஆண்களுக்குக் கூரை ரொம்பப் பிடித்துப்போவது இந்த மாதிரி நேரத்தில்தான். வாப்பா வெளியே போனார். கதவு பாதி திறந்தே இருந்தது.

கூடத்தில் சலசலப்பு. இமாம் அந்த வரியை உரக்கச் சொல்லி, "மாப்பிள்ளை, ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றது மாமியாராகப் போகிறவரின் குரல்.

"நீங்க இல்லம்மா. பொண்ணு பேசாம இருந்தா ஏத்துக்கலாம். மாப்பிள்ளை வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகணும்."

சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவனை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் கொடுமை.

"அம்மா சொல்றபடியே..." என்றான் அவன்.

வாப்பா திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் கேட்பதற்குள் அவளே, "சம்மதம் இல்ல வாப்பா" என்றாள். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி வசவுதான் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் புத்தகத்தை மூடி, அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"என் பொண்ணு பதில் சொல்லிட்டா" என்றார். "சாப்பாடு தயாரா இருக்கு. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."