எஃப் வரிசை சோஃபா

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. லேசர் ஸ்கேனர் ஒரு கட்டிடத்துக்குள் நின்று நாலாபக்கமும் ஒளியைப் பாய்ச்சும். ஒளி எங்கே படுகிறதோ அங்கே ஒரு புள்ளி பதியும். சுவர், தூண், நாற்காலி, மின்விசிறி எல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக அவள் கணினிக்கு வந்து சேரும். அந்தப் புள்ளிக்கூட்டத்தில் வேண்டாததைச் சலித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை இது சுவர், இது நாற்காலி என்று குழு குழுவாகப் பிரித்து, அளவெடுத்து அறிக்கை கொடுப்பது அவள் பொறுப்பு.

வேண்டாதது என்றால் பெரும்பாலும் மனிதர்கள்தான். ஸ்கேனர் ஓடும்போது குறுக்கே நடக்கிறவர் முழு ஆளாகப் பதியமாட்டார். புகையை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கீற்றாக விழுவார். கொஞ்சமும் அசையாமல் இருக்கிறவர்தான் சிலை போலப் பதிவார். வேலை நடக்கிற இடத்தில் அப்படி அசையாமல் யார் இருக்கப்போகிறார்கள்? சல்லடை இதுவரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

புள்ளிகளை எடுத்து வருகிற களப் பிரிவுக்குத் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அத்தான்தான். அக்காவும் அவரும் கீழ்வீட்டில், சல்லடை மாடியில். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே அத்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறாராம். அக்காவும் உருகிப்போய் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். கொடியில் காயும் துணியை எடுக்கச் சொன்னால்கூட அவருக்கு முட்டி வலி வந்துவிடும். "ஏசி ரூம்ல உட்கார்ந்து மவுஸைத் தட்டுறவங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்" என்று மாடிப்படியைப் பார்த்துச் சொல்வார், சல்லடை காதில் விழட்டும் என்று.

அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். போன வேலையில் ஒல்லியான இரும்புக் கம்பம் ஒன்றை யாரோ நடந்த கீற்று என்று நினைத்து அவள் அழித்துவிட்டாள். தப்புதான், இல்லையென்று அவளும் சொல்லவில்லை. ஆனால் அத்தான் அதை முதலாளியிடம் கொண்டுபோய், கட்டிடமே இடிந்து விழுந்த மாதிரி பேசினார். முதலாளியும் உத்தரவு போட்டுவிட்டார்: இனிமேல் களத் தலைவர் சம்மதிக்காமல் ஒரு புள்ளியைக்கூட அழிக்கக் கூடாது. அன்றைக்கு அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. சல்லடை மனசுக்குள் கருவிக்கொண்டாள்.

அடுத்து வந்தது ஒரு பழைய சினிமா தியேட்டர். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்ததை நாடக அரங்காக மாற்றப்போவதாக அதன் சொந்தக்கார அம்மா வந்து வேலையை ஒப்படைத்தார். கம்பெனி புதிதாக வாங்கியிருந்த, சக்கரம் வைத்த ஸ்கேனரோடு அத்தான் போனார். தரையில் விட்டால் போதும், அதுவே வழி பார்த்து உருண்டு உருண்டு அளந்துவிட்டு வரும். ஆனாலும் அதன் பின்னாலேயே நடந்து நடந்து கால் வீங்கிவிட்டதாக அன்றைக்கும் வீட்டில் ஒரே புலம்பல்.

மறுநாள் காலையில் சல்லடை அந்தப் புள்ளிக்கூட்டத்தைத் திறந்து, மென்பொருளைத் தானாகவே குழு பிரிக்கவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்தாள். நாற்காலிகள் ஒரு குழு, தூண்கள் ஒரு குழு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எஃப் வரிசையில் மட்டும் ஏதோ ஒன்று நாற்காலிக்கும் பெரிதாகப் பொதபொதவென்று கிடந்தது. மென்பொருள் கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு அதற்குச் சோஃபா என்று பேர் வைத்திருந்தது.

சல்லடை அதைத் தனியே பிரித்துத் திருப்பிப் பார்த்தாள். சோஃபாவுக்குத் தொப்பை இருந்தது. முன்சீட்டின் மேல் நீட்டிய இரண்டு கால் இருந்தது. வாய் திறந்திருந்தது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு குறையுமில்லாமல் அத்தான் முழுசாக இருந்தார். இயந்திரம் அரங்கைப் பல தடவை சுற்றி வந்திருக்கிறது. அத்தனை சுற்றிலும் மனிதர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

சத்தம் வெளியே வராமல் சிரிக்க அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முறைப்படி அத்தானுக்கு மெயில் எழுதினாள். எஃப் வரிசையில் ஒரு பெரிய பொருள் இருக்கிறது, அழிக்கலாமா என்று. எதையும் தொட வேண்டாம் என்று உடனே பதில் வந்தது. கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மறுபடி எழுதினாள். இந்தத் தடவை முதலாளிக்கும் ஒரு நகல் போட்டு, தன் வேலையைத் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று அத்தான் எழுதியிருந்தார்.

சரி, சல்லடை தொடவில்லை. அறிக்கையில் மட்டும் ஒரு வரி சேர்த்தாள்: சோஃபா, ஒன்று.

அறிக்கையைக் காட்டுகிற நாளில் தியேட்டர் அம்மா, முதலாளி, அத்தான் மூவரும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சல்லடை வாசலிலிருந்து தொடங்கி அரங்கை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். அந்த அம்மா கையிலிருந்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"சோஃபான்னு போட்டிருக்கு. எங்க ஹால்ல ஏது சோஃபா?"

முதலாளி அத்தானைப் பார்த்தார். அத்தான் இம்மிகூடத் தயங்கவில்லை.

"இருக்குங்க மேடம். நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். பழைய சோஃபா. நகர்த்தணும்னா நாலு ஆள் வேணும்."

சல்லடை எஃப் வரிசைக்குப் போனாள். அவசரமே இல்லாமல் நெருங்கினாள். திரை முழுக்க அது வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். தியேட்டர் அம்மா திரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்த சோஃபாவுக்கு மீசை இருக்கே" என்றார்.

அத்தான் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. சல்லடைக்கு உள்ளங்காலிலிருந்து குஷி ஏறியது. ஆனால் அது தலையை எட்டுவதற்குள் முதலாளி பேசினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கணக்குப் போடுகிற குரலில் மெதுவாகக் கேட்டார்:

"அப்போ மெஷின் தானே போயிட்டுத் தானே வருது. கூட ஒரு ஆள் எதுக்கு?"

அவளுக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அத்தானைக் கொஞ்சம் அசடு வழிய வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தாளே தவிர, வீட்டுக்கு அனுப்ப நினைக்கவில்லை. அவர் தலை நிமிரவேயில்லை. கீழ்வீட்டில் அக்கா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது.

"சார், இன்னும் முடியல. பால்கனி இருக்கு" என்று அவள் முந்திக்கொண்டாள்.

அழிக்க அனுமதி கிடைக்காததால் கீற்றுகள் எல்லாம் அப்படியே கோப்பில் இருந்தன. அவற்றை ஒரு குழுவாக்கிச் சிவப்பு நிறம் கொடுத்தாள். பால்கனி மாடிப்படியில் சிவப்புக் கீற்றுகள் வளைந்து வளைந்து ஏறின. சக்கரம் படியேறாது, அதனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறார், வைத்துவிட்டு அதன் பார்வையிலிருந்து ஒதுங்கி ஓடியிருக்கிறார் என்று அவள் விளக்கினாள். மேடைக்கு அடியில், நிமிர முடியாத இடத்தில், தவழ்ந்து போன கீற்று. தியேட்டர் திரைக்குப் பின்னால் கூரை வரை போகிற இரும்பு ஏணியில் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

"அந்த ஏணியில ஏறினாரா?" தியேட்டர் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அது ஆடும். எங்க ஆளுங்களே ஏறமாட்டாங்க."

"மெஷினையும் முதுகுல கட்டிக்கிட்டு" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி. "அதுக்கப்புறம்தான் உட்கார்ந்தேன். கண்ணு அசந்துடுச்சு."

ஆள் எதுக்கு என்ற பேச்சை முதலாளி திரும்ப எடுக்கவில்லை. இனிமேல் புள்ளிகளை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அறிக்கை வெளியே போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். தியேட்டர் அம்மா அறிக்கையில் சோஃபாவை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, மற்றதெல்லாம் சரி என்று எழுந்துகொண்டார்.

வீடு திரும்புகையில் அத்தான் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் அவள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சேதானே பண்ணினே?"

"தெரிஞ்சேதான்."

"ஏணியையும் நீதான் காட்டினே."

"அதுவும் தெரிஞ்சேதான்."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அக்காகிட்ட சொல்லிடுவியா?"

"நான் ஏன் அத்தான் சொல்லப்போறேன்? படத்தைத்தான் காட்டுவேன்."

சொன்னபடியே செய்தாள். அக்கா போனை வாங்கி, விரலால் தன் கணவரை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூங்கியது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை. கல்யாண மேடையிலேயே இவர் கண் அசந்தவர்தானாம். ஏணிக் கதையைக் கேட்டபோதுதான் முகம் மாறி, இனிமேல் அதெல்லாம் வேண்டாம் என்று அதட்டினாள். அதட்டிக்கொண்டே படத்தைப் பின்பக்கம் திருப்பியவள் சட்டென்று நின்றாள்.

"ஏங்க, பின்னந்தலை இப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அத்தான் போனைப் பிடுங்கினார். உச்சிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை, புள்ளி புள்ளியாகப் பளபளத்தது. கண்ணாடி முன்னால் நின்று முன்முடியை மட்டுமே சீவிப் பழகிய மனிதருக்கு இத்தனை வருஷமாக இது தெரியாது. தியேட்டர், முதலாளி, அவமானம் எல்லாமே அந்த நிமிஷத்தில் அவருக்கு மறந்துபோயிற்று. சாப்பிடும்போதுகூட இடது கை பின்னந்தலையை விட்டு இறங்கவில்லை.

அக்கா உள்ளே போன சமயம் பார்த்து அவர் சல்லடைப் பக்கம் சாய்ந்தார்.

"அந்த மெஷின்... இந்த மாதிரி இடத்துல கொஞ்சம் கூடக்குறையக் காட்டுமோ?"

"ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது அத்தான்" என்று ரொம்பவும் பணிவாகச் சொல்லிவிட்டு, அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.